முதுகில் சதை பிடிக்காத குட்டி

காட்டுமுயல் குட்டியைக் கையில் எடுத்தால் முதலில் முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் எலும்பு வரிசையாகத் தட்டுப்பட்டால் குட்டி தேறவில்லை. அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் தேறிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, தி.நகரில் ஜவுளிக்கடைக் கிடங்கு என்று சுற்றிவிட்டு அடையாற்றில் முயல் கூண்டு வேலைக்கு வந்தபோது, அங்கிருந்த கால்நடை டாக்டரம்மா முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் அது. அதன் புதர்களில் முன்பு இருந்த முயல்களைத் தெருநாய்கள் தீர்த்துவிட்டன. வேலியை உயர்த்திவிட்டு, கூண்டில் முயல்களைப் பெருக்கித் திரும்ப விடுவதாக ஏற்பாடு. நான் இருந்த வருடம் பிழைத்த குட்டிகள் நான்கு. மழை பிடித்தால் கூண்டுத் தரை ஊறிவிடும். அதற்குள் தேறியவற்றைப் புதரில் விட வேண்டும். தேறாதது ஊருக்கு வெளியே உள்ள வேறொரு கூண்டுக்குப் போகும். அங்கே போன முயல் எதுவும் திரும்ப மண்ணில் விடப்பட்டதில்லை.

புல் கொண்டுவருவது என் பொறுப்பு. வளாகத்துப் புல் காய்ந்து கிடந்ததால், மயிலாப்பூர் மாட வீதியில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டி விற்கும் பெண்ணிடம் மிச்சத்தை வாங்கி மூட்டையாகத் தூக்கி வருவேன். சதுர்த்தி போன மறுநாள் மூட்டை பெரிதாக இருக்கும்.

"இன்னா மாமா, மாட்டுக்கா?" என்பார் பஸ் கண்டக்டர்.

"முயலுக்கு."

"அதுக்கும் ஒரு டிக்கெட் எட்துடு."

தினமும் இதே பேச்சுதான். சிரிக்கத் தெம்பில்லாத நாட்களில் தலையை மட்டும் ஆட்டுவேன்.

கூண்டு கழுவ ஓர் அக்கா வருவாள். ஆற்றோரம் இருந்த அவள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு நேராக நாலாவது குட்டியிடம் போவாள். மற்ற மூன்றும் உருண்டு திரண்டு வர, அது மட்டும் சீப்பு மாதிரி முதுகோடு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

"இத்த அந்தாண்ட அனுப்பிடுவாங்களா நைனா?"

"தேறலைன்னா அனுப்புவாங்க அக்கா."

"அங்க இன்னா கீது? நான் பாக்காத எடமா?"

சில நாட்களில் அந்தக் குட்டியின் எடை ஏறத் தொடங்கியது. டாக்டர் தராசைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அடுத்து முதுகைத் தடவினார். முகம் மாறியது. குட்டியைப் புரட்டி வயிற்றில் விரலால் தட்டினார். கொட்டாங்குச்சியைத் தட்டியது போலிருந்தது.

"யாராவது இதுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

நான் அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவளே சொன்னாள்.

"நாந்தாம்மா. பொட்டுக்கடல. இத்தினியூண்டு. எங்க புள்ளைங்க அத்த துன்னுதான் தேறுச்சுங்க."

டாக்டர் திட்டவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவரும் அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர்தான்.

"இது சதை இல்லக்கா, காத்து. இதோட வயிறு புல்லுக்குன்னே இருக்கறது. மாவும் பருப்பும் போனா உள்ளயே புளிச்சு ஊதிடும். இந்த ராத்திரி தாண்டினாலே பெரிய விஷயம்."

தாண்டியது. அதன்பின் புல்லும் தண்ணீரும் மட்டும். மாலைக் கட்டில் ஒட்டிவரும் எருக்கம்பூவையும் நாரையும் அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். அந்த வேலையை அவளிடம் யாரும் சொல்லவில்லை. குட்டியின் எடை இறங்கியது. ஆனால் இடுப்புப் பக்கம் மெல்லிய சதை பிடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கே விரலில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னார்.

மழை முந்திக்கொண்டது. மூன்று குட்டிகளைப் புதரோரம் விட்ட மறுநாளே கூண்டுத் தரை ஊறிவிட்டது. நாலாவதை ஊருக்கு வெளியே கொண்டுபோக வண்டியும் வந்துவிட்டது. டாக்டர் கடைசியாக ஒருமுறை முதுகைத் தடவினார்.

"புதர்ல விட்டா நாலு நாள் தாங்காது. இங்க வச்சா சளி பிடிச்சுடும்."

அக்கா வண்டி எந்த வழியாகப் போகும் என்று டிரைவரிடம் கேட்டாள். அவர் சொன்னதும், "அது எங்க வூட்டத் தாண்டிதான கீது? லீவுல போயி பாத்துக்கறேன்" என்றாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "கடல எத்துகினு போவ மாட்டேம்மா, பயப்படாத" என்றாள். டாக்டர் லேசாகச் சிரித்தார்.

அன்று கொண்டுவந்த புல்லில் ஈரமில்லாததாகப் பார்த்து ஒரு பிடி எடுத்து, குட்டியை அடைத்திருந்த பெட்டிக்குள் வைத்தேன்.

"இன்னாபா, வழிக்குக் கட்டுசோறா?" என்றார் டிரைவர்.

குட்டி மூலையில் ஒடுங்கியே இருந்தது. அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் மெல்லும் சத்தம் கேட்டது. அக்கா காதிலும் அது விழுந்தது. வண்டி வாசலைத் தாண்டி மறையும்வரை நின்றுவிட்டு, காலிக் கூண்டைக் கழுவப் போனாள்.