காட்டேரியின் இடது பூட்ஸ்

1. மெயில் வந்த காலை

"ரெஜினாம்மா, நம்ம காட்டேரி போஸ்ட்மேன் மாதிரி நடக்குதாம்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் ஃபேக்டரி மேனேஜர் இம்தியாஸ் சார் சாம்பிள் ரூமுக்குள் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் மெயில் பிரிண்ட் இருந்தது. நான் சாம்பிள் ரூம் இன்சார்ஜ் ஆகி அன்றைக்கு இரண்டு மாதம்கூட முடியவில்லை. மூன்று மாதம் ட்ரையல் என்று சொல்லித்தான் அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.

புதிதாக ஷூ கம்பெனி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சாம்பிள் ரூம் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் ஒரு ஷூவை அனுப்புவார். அது ஒரிஜினல். அதைப் பார்த்து அச்சு அசலாக நாம் ஒன்று செய்து அனுப்ப வேண்டும். அது கவுண்டர் சாம்பிள். அது ஓகே ஆனால்தான் கீழே உற்பத்தி லைன் ஓடும், மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வரும் பெண்களுக்கு வேலை இருக்கும்.

அந்த முறை வந்த ஒரிஜினல் கொஞ்சம் விசேஷமானது. வெளிநாட்டில் யாரோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தைத் திரும்பவும் எடுக்கிறார்கள். ரத்தம் குடிக்கிற ஒரு கோட்டைப் பிரபுவின் கதை. நாங்கள் சுருக்கமாகக் காட்டேரி என்போம். பழைய படத்தில் அந்த நடிகர் போட்ட முழங்கால் பூட்ஸைப் பத்திரமாக வைத்திருந்து, அதே மாதிரி புதுப்படத்துக்கும் வேண்டும் என்று எங்களுக்கு அனுப்பினார்கள். புது ஹீரோவுக்கு ஆறு ஜோடி. அது பிடித்துப்போனால், படம் வரும்போது கடையில் விற்பதற்குப் பெரிய ஆர்டர்.

நாங்கள் முதல் ஜோடியை அனுப்பினோம். அதைப் போட்டு நடிகரை நடக்கவைத்து, கேமராவில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த மெயிலை எழுதியிருந்தார்கள். பூட்ஸ் அழகாக இருக்கிறது, தையல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எங்கள் காட்டேரி தபால்காரர் மாதிரி நடக்கிறார், காரணம் தெரியவில்லை, ரிஜெக்ட்.

எனக்குக் காரணம் தெரியும். மெயிலைப் படித்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

2. நான் செய்த திருத்தம்

இன்சார்ஜ் ஆவதற்கு முன் பத்தொன்பது வருஷம் நான் ஃபினிஷிங்கில் பேர் செக்கிங் பார்த்தவள். வலதையும் இடதையும் பக்கத்தில் வைத்து உயரம், நிறம், தையல் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஜோடி சேராவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். வீட்டில் என் வீட்டுக்காரர் செருப்பை மாற்றிப் போட்டால்கூட எனக்குத் தாங்காது. கல்யாண வீட்டு வாசலில் அடுத்தவர் செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அந்தப் பழைய பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் என் கண் நேராக ஹீலுக்குத்தான் போனது. இடது ஹீல் வலதைவிட ஒரு பென்சில் கனம் உயரம்.

கால் அச்சு இருக்கிறதே, அதை நாங்கள் லாஸ்ட் என்போம். அதன்மேல் தோலை இழுத்து ஷூவுக்கு உருவம் கொடுக்கிறவர் தனபால் அண்ணன். என்னைவிட ஆறு வருஷம் சீனியர். இன்சார்ஜ் வேலை அவருக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெஜினாம்மா, எடது ஒசரமா கீது. அப்படியே எடுத்துடலாமா?"

"இன்னாண்ணே பேசுற? பேர் மிஸ்மேட்ச்ணே இது. அந்தக் காலத்துல எவனோ அவசரத்துல அடிச்சிருப்பான். ரெண்டையும் சமமா போடு."

"பையர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"தப்பைத் தப்பா செய்யட்டுமான்னு கேட்டா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பான்?"

அவர் பூட்ஸைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனார். இரண்டுக்கும் ஒரே உயரம் போட்டார். சாம்பிளோடு கட்டி அனுப்பும் கார்டில் 'மாற்றம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரிஜினலில் எதை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. தப்பைச் சரி செய்வதை மாற்றம் என்று எப்படி எழுதுவது? அவ்வளவு நிச்சயம் எனக்கு.

3. "யார் மாத்துனது?"

மெயில் வந்த அன்றே இம்தியாஸ் சார் என்னையும் தனபால் அண்ணனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரிஜினலும், அனுப்பியதுபோலவே நாங்கள் செய்து வைத்துக்கொண்ட இன்னொரு கவுண்டர் சாம்பிளும், கார்டின் நகலும் இருந்தன. அளவு எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"எடது ஹீல் கம்மியா கீது. கார்டுல ஒண்ணும் எழுதல. யார் மாத்துனது?"

தனபால் அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் சார். லாஸ்ட் ஏத்தும்போது கவனிக்காம வுட்டுட்டேன்."

வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். உடனே நான் வாயைத் திறக்கவில்லை. என் பெரிய பெண் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் கூடியது, மரியாதை கூடியது, ஊரில் அம்மாகூட என்னை இன்சார்ஜ் என்று சொல்லி அறிமுகப்படுத்தத் தொடங்கியிருந்தாள். அவர் சர்வீஸுக்கு ஒரு தப்பு பெரிய விஷயமில்லை, திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று மனம் கணக்குப் போட்டது. அப்போது அவருடைய கையைப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் தோல் இழுத்து விரல்முட்டி எல்லாம் காய்த்துப்போன கை. கவனிக்காமல் விட்டேன் என்று அந்தக் கை சொல்லலாமா? அவர்தானே முதலில் கவனித்தவர்!

"சார், அண்ணன் கவனிச்சாரு. கேக்கவும் சொன்னாரு. நான்தான் சமமா போடச் சொன்னேன்" என்றேன்.

இம்தியாஸ் சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பூட்ஸை என் பக்கம் நகர்த்தினார்.

"நாலு நாள் டைம் வாங்கித் தர்றேன். அதுக்கு மேல கேக்க முடியாது. இதுவும் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஆர்டர் வேற நாட்டுக்குப் போய்டும், நீங்க மறுபடி பேர் செக்கிங்குக்குப் போய்டுங்க. உண்மைய சொன்னதுக்குத்தான் இந்த நாலு நாளும். ஜாஸ்தி யோசிக்காம வேலையப் பாருங்க."

4. ஒரு டிவியில் இரண்டு நடை

ஹீலை உயர்த்திவிட்டால் போதும் என்று நான் கிளம்பினேன். தனபால் அண்ணன்தான் நிறுத்தினார். "எதுக்கு ஒசத்துனான்னு பார்த்துட்டு ஒசத்தலாம்மா."

பையர் பழைய படத்தையும், எங்கள் பூட்ஸ் போட்டு எடுத்த புதுத் துண்டையும் அனுப்பியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷோரூம் டிவியில் போட்டோம். தனபால் அண்ணன், நான், எங்கள் தையல்காரி வசந்தா. மூன்று பேர் மடியிலும் டிபன் பாக்ஸ்.

பழைய படத்தில் ஒரு சொட்டு ரத்தம் காட்டவில்லை. பல்லைக்கூட ஒரு தடவைதான் காட்டினார்கள். ஒரு நீண்ட தாழ்வாரம். தூரத்துக் கதவு திறக்கிறது. அந்த மனிதர் வருகிறார், வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். அவ்வளவுதான் காட்சி. வசந்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னாக்கா இது, ஒண்ணுமே செய்யல, எனக்கு ஒதறுது" என்றாள்.

அடுத்து புதியது. அதே தாழ்வாரம், அதே மாதிரி அங்கி. கலர், புகை, காதைக் கிழிக்கிற வயலின், வாயெல்லாம் ரத்தம். வசந்தா மறுபடி சோற்றில் கை வைத்தாள். "கறிக்கடை பாய் கடைய சாத்திட்டு வர்ற மாதிரி கீது."

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். பேர் செக்கிங்கில் வலதையும் இடதையும் பார்ப்பதுபோல் பழையதையும் புதியதையும் பார்த்தேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பிடிபட்டது. பழையவர் நொண்டவில்லை. இடது கால் தரையைத் தொடும்போது அந்தத் தோள் லேசாக மேலே போகிறது, வலது கால் தொடும்போது உடம்பு முழுவதும் கொஞ்சம் நம் பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நம்மேல் விழப்போகிறார் என்று தோன்றுகிறது, விழுவதில்லை. மனிதன் மாதிரி இருக்கிறது, ஆனால் மனிதன் நடை இல்லை. எவனோ அவசரத்தில் அடித்த ஹீல் இல்லை அது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, நடிகருக்காகச் செய்த ஹீல். எங்களை மாதிரி ஒரு சாம்பிள் ரூம் ஆள்!

முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அவருடைய கெட்டிக்காரத்தனத்துக்கு நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

5. தனபால் அண்ணன் காட்டேரி ஆனார்

உயரத்தை அப்படியே எடுத்தாலும் நடை வருமா என்று எப்படித் தெரியும்? இடது லாஸ்டின் குதிகாலில் தோல் துண்டு ஒட்டி, இழைத்து, மறுபடி ஒட்டி, மூன்றாம் நாள் தனபால் அண்ணன் தன் கால் அளவுக்கே ஒரு ஜோடி செய்தார். பிறகு கட்டிங் மேசை மேல் விரிக்கும் கறுப்பு ரெக்ஸினைத் தோளில் போர்த்திக்கொண்டு தையல் லைன் நடுவே நடந்தார். வழுக்கைத் தலை, காதில் பென்சில். சிரிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். முதல் வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அவர் பாதி தூரம் வந்ததும் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசி வரிசையில் ஒருத்தி "அய்யோ ஏசப்பா" என்று கத்தியேவிட்டாள்.

மறுநாள் அதே ஹீலோடு ஹீரோ அளவுக்கு ஒரு ஜோடியை முடித்து, "ஓகேம்மா, பேக் பண்ணு" என்றார் தனபால் அண்ணன்.

கார்டில் 'மாற்றம்' கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதினேன். ஒரு வாரத்தில் ஓகே வந்தது. மூன்று மாதம் முடிந்த அன்று இம்தியாஸ் சார் கன்ஃபர்மேஷன் லெட்டரைக் கொடுத்துவிட்டு, "இனிமே மாத்தறதுக்கு முன்னாடி தனபாலைக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். தனபால் அண்ணன் ரிட்டயர் ஆகும்வரை கேட்டேன்.

6. வேலூர் தியேட்டரில்

புதுப்படம் அடுத்த வருஷம் வேலூருக்கே வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாம்பிள் ரூம் முழுவதும் வேன் பிடித்துப் போனோம். படம் எப்படி என்று கேட்டால், பழையதில் பாதிகூட இல்லை. பழையது நம்மைப் பொறுமையாக உட்காரவைத்துப் பயமுறுத்தியது. இது ஓடிவந்து காதில் கத்துகிறது. பக்கெட் பக்கெட்டாக ரத்தம். பின்வரிசையில் ஒருவர் விமானச் சத்தத்தில் குறட்டை விட்டார்.

ஆனால் தாழ்வாரக் காட்சி வந்தது. அங்கே மட்டும் டைரக்டருக்கு என்ன புத்தி வந்ததோ, பாட்டை நிறுத்திவிட்டார். கதவு திறந்தது. அவர் வந்தார். தியேட்டரில் பாப்கார்ன் கவர் சத்தம்கூட இல்லை. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெண் தன் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அவன் நடையே சரியில்ல, பாத்தியா? எந்தக் கால்ல இன்னா கீதுன்னு தெர்ல."

நான் தனபால் அண்ணனைப் பார்த்தேன். இருட்டில் அவர் பல் தெரிந்தது. காட்டேரியைவிட நன்றாகத் தெரிந்தது.

இடைவேளையில் டீ குடிக்கும்போதுதான் கேட்டேன். "அன்னிக்கு ஏண்ணே உன்மேல போட்டுக்கினே? நான் போயிருந்தா அந்த சீட் உனக்குத்தானே வந்திருக்கும்?"

அவர் டீயை ஊதினார். "பத்தொம்போது வருசம் ஜோடி பார்த்த கண்ணும்மா உன்னுது. அது அப்படித்தான் பார்க்கும். வேலை சொல்லிக் குடுத்த பழக்கத்துக்கு வேலையையே புடுங்கினா எப்படி?" என்றார். பிறகு, "நீ மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா, மறுநாள்லருந்து ஒனக்கு நான் அண்ணன் இல்ல. அதுவும் உண்மைதான்" என்றார்.

பிள்ளைகளே, ஒரிஜினலில் தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் முதலில் எழுதுங்கள். பிறகு கேளுங்கள். அதற்குப் பிறகுதான் கை வையுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்தவரும் யோசிக்கத் தெரிந்தவர்தான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்த, பெயர் தெரியாத அந்தச் செருப்புக் கலைஞருக்கும், நாலு நாள் கொடுத்த இம்தியாஸ் சாருக்கும் என் நன்றி. தனபால் அண்ணனுக்கு நன்றி சொன்னால் திட்டுவார், அதனால் எழுதிவைக்கிறேன்.

என் சர்வீஸில் எத்தனையோ ஜோடிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு கால் உயரம், ஒரு கால் குள்ளம் என்று தெரிந்தே நான் பாஸ் போட்ட ஜோடி அது ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் நான் சரியாகப் பார்த்த ஜோடியும் அதுதான்.