அரைக்கிலோ ட்ரிக்கர்

புதுப் பிஸ்டல் வந்ததிலிருந்துதான் எனக்குப் பீடை பிடித்தது என்று கொஞ்ச நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை எப்படி வாங்கினோம் என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சை எடுத்தால் என் பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரகடத்தில், லாரிக்கு ஆக்ஸில் மாட்டுகிற லைனில் எனக்கு வேலை. ஷிப்ட் முழுக்க என் கையில் இருப்பது ஒரு கன். போல்ட் முடுக்குகிற இம்பாக்ட் கன். காற்றில் ஓடுவது. விசையை அழுத்தினால் தடதடவென்று முழங்கை வரைக்கும் உதறும். ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ்ஸில் சேரப்பணஞ்சேரியில் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, படப்பைப் பக்கம் ஒரு குடோனுக்குப் பின்னால் இருக்கிற துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவேன். அங்கே கையில் எடுப்பது பிஸ்டல். அதுவும் காற்றில் ஓடுவதுதான். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். அதில் விழுந்தால் பத்துப் புள்ளி.

படிப்பில் நான் மக்கு. கிரிக்கெட் என்றால் என்னை அம்பயராக நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடுவார்கள். இந்த ஒன்றுதான் எனக்கு வந்தது. வலது கை, அதில் ஆட்காட்டி விரல், அவ்வளவுதான் நான் சம்பாதித்த சொத்து. மாநிலப் போட்டியில் தேவையான புள்ளியை எடுத்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வருஷா வருஷம் நூலிழையில் விட்டுக்கொண்டிருந்தேன். கிளப்பில் பொதுவாக வைத்திருந்த பழைய பிஸ்டலின் ட்ரிக்கர் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. அதை வைத்துக்கொண்டே அவ்வளவு தூரம் வந்தவன், நல்ல பிஸ்டல் கிடைத்தால் எங்கே போய் நிற்பேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆசை யாரை விட்டது?

பெட்டியைத் திறந்ததும் பெண்டாட்டி பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிஸ்டலுக்கும் வைக்க வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ட்ரிக்கர்ல தூள் பட்டா அவ்ளோதான், போ அந்தாண்ட." அவள் விடவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருவில் போட்டு மிதித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

முதல் நாள் ரேஞ்சில் சுட்டது இன்னமும் ஞாபகம் இருக்கிறது. இந்த மாதிரிப் பிஸ்டலில் ட்ரிக்கர் அரைக்கிலோ. போட்டிக்கு முன்னால் அரைக்கிலோ எடையை அதில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், தாங்க வேண்டும். அதை இழுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் கொஞ்சம் சும்மா வரும். அப்புறம் ஓரிடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தை விரல் நுனி கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நிறுத்தி, மூச்சைக் கட்டி, கை அசையாமல் இன்னும் ஒரு துளி அழுத்தினால் குண்டு போகும். கண் பார்க்கிறது என்பதெல்லாம் சும்மா. விரல் நுனிக்குத் தெரிந்தால்தான் குறி.

முதல் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆறாவது குண்டு தானாகப் போனது. கை மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, நான் நிறுத்தவேண்டிய இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, டப் என்று போய்விட்டது.

கிளப்பை நடத்துகிறவர் முன்பு ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருந்தவர். பிஸ்டலை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ட்ரிக்கரை இழுத்துப் பார்த்தார்.

"புச்சுல்ல தல, அப்டித்தான் இருக்கும். பழகிகினா செட்டாயிடும்."

"அதுவா போவுதுய்யா. நான் தொடவே இல்ல."

"தொடாம எப்டி போவும்? பேய் வந்து இழுத்துச்சா?"

சிரித்தோம். திருகாணியைத் திருகி ட்ரிக்கரைக் கொஞ்சம் கனமாக்கிக் கொடுத்தார். அன்றைக்கு மிச்சக் குண்டெல்லாம் ஒழுங்காகப் போயின. பார், கோளாறு மிஷினில்தான் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

சில வாரம் போனது. மறுபடி குண்டு தானாகப் போக ஆரம்பித்தது. மறுபடி திருகாணி. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அரைக்கிலோவில் வந்த ட்ரிக்கர் ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. இத்தனை ஆசையாய் வாங்கிய பிஸ்டலைப் பழைய துருத் தாழ்ப்பாளாகவே ஆக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் சின்னச் சின்னதாய் நடந்தது. விடிகாலையில் வலது கை மரத்துப்போய் யாருடைய கையோ மாதிரி பக்கத்தில் கிடக்கும். உதறினால் ஊசி ஊசியாய்க் குத்தும். வாய்வு என்று தைலம் தேய்த்தேன். லைனில் பாதிப் பேருக்கு இந்த வாய்வு உண்டு, எல்லார் பையிலும் தைலம் உண்டு. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவேன். ஒரு நாள் காபி டம்ளர் பிடித்த பிடியிலேயே நழுவி விழுந்தது.

"இன்னாய்யா, கையில வெண்ணெய் தடவிகினு கீறியா?" என்றாள் பெண்டாட்டி.

"டம்ளர் ஈரம்டி."

"ஆமா, டம்ளர் ஈரம், பிஸ்டல் கோளாறு, ட்ரிக்கர் லூசு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன். அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அதை நான் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன்.

அந்தச் சமயத்தில் பார்த்து கிளப் போட்டி ஒன்றில் நான் முதலாவதாக வந்து தொலைத்தேன். வெயில் காலம், தகரக் கொட்டகை, கொதிக்கிற சூடு. கை அப்படியே கல்லாக நின்றது. கிளப் நடத்துகிறவர் எல்லோர் முன்னாலும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "பாரு, கன் ஸ்டேஷன்காரன் கை. ஆடுமா? நாள் பூரா அத்தாம் பெரிய வெய்ட்ட தூக்கறான், இது அவனுக்கு பேனா மாதிரி."

அது என் மண்டையில் ஏறிவிட்டது. எங்கள் கிளப்பில் எல்லோரும் அதை நம்பினார்கள். கம்பெனியில் கன் பிடிக்கிறவனுக்குக் கை ஆடாது, அதுவே பெரிய பயிற்சி என்று.

லைனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுவார்கள். கன் பிடித்தவன் அடுத்தாற்போல் வாஷர் போடப் போக வேண்டும், வாஷர் போட்டவன் கன்னுக்கு வர வேண்டும். மாநிலப் போட்டி நெருங்க நெருங்க நான் மாறவே இல்லை. ஷிப்ட் முழுக்கக் கன்னிலேயே நின்றேன். ஓ.டி. வந்தாலும் கன். கனமான வேலை கழிந்தது என்று மற்றவர்களுக்கு ஏக சந்தோஷம். சூப்பர்வைசர் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொட்டேஷன் எதுக்கு வெச்சிகீறாங்க தெரியுமா?"

"தெரியும் சார். ஒரே வேல செஞ்சா போரடிக்கும்னு."

அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்காது. நான் விசையை அழுத்தினேன், கன் உதறியது, உதற உதற என் கை உறுதியாகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே, கன்னைக் கீழே வைடா என்று அன்றைய என்னிடம் கத்தத் தோன்றுகிறது.

மாநிலப் போட்டி மெட்ராஸில், ஒரு பெரிய ஏசி ஹாலில். உள்ளே காலை வைத்ததும் குளிர் அடித்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால் ஆகா சொர்க்கம் என்றுகூடச் சொன்னேன். எனக்குப் பக்கத்து இடத்தில் எங்கள் கிளப் தம்பி ஒருவன். தூத்துக்குடிப் பக்கம், வேறொரு கம்பெனி, சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பிஸ்டலை எடுத்துப் பிடித்தபோது அவன் என் கையையே பார்த்தான்.

"ஏண்ணே, என்ன இது, வெரலு வெளுத்துக் கெடக்கு?"

குனிந்து பார்த்தேன். ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து நடுக்கணு வரைக்கும் மெழுகாய் வெளுத்திருந்தது. கோடு போட்ட மாதிரி, அதற்குக் கீழே என் நிறம், மேலே வேறு யாருடைய நிறமோ. பிணத்தின் விரலை எடுத்து என் கையில் ஒட்டியது போல் இருந்தது.

"குளிர்தான்டா. ஒன் வேலயப் பாரு."

"எனக்கும் அதே குளுருதான்ணே" என்றான் மெதுவாக.

விரலை வாயருகே வைத்து ஊதினேன். தொடையில் தேய்த்தேன். ஆரம்பிக்கச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். ட்ரிக்கரில் விரலை வைத்தேன். வைத்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. விரல் அங்கேதான் இருந்தது.

முதல் குண்டு ஏழு. இரண்டாவது ஆறு. விரல் அந்த நிறுத்தும் இடத்தைத் தேடியது, அது கிடைக்கவே இல்லை. இருட்டு அறையில் சுவிட்சைத் துழாவுகிற மாதிரி துழாவினேன். அடுத்ததற்குப் பிஸ்டலைத் தூக்கினேன். தூக்கத்தான் செய்தேன், சத்தியமாகச் சுடவில்லை. டப். எங்கள் இலக்குகளுக்கு மேலே எண் எழுதிய பலகைகள் இருக்கும். என்னுடைய பலகையில் ஓர் ஓட்டை. புள்ளி காட்டுகிற திரையில் பெரிதாக ஒரு பூஜ்யம்.

நடுவர் ஓடி வந்து பிஸ்டலைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். ஹாலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எச்சரித்துவிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். குண்டு மேலே போனதால் பலகை. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அந்தத் தூத்துக்குடித் தம்பியின் காது. அவன் அப்போது குனிந்து குண்டு போட்டுக்கொண்டிருந்தான். நானே பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெயிலில் நின்ற கொஞ்ச நேரத்தில் விரல் நீலமாகி, அப்புறம் ரத்தச் சிவப்பாகி, நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது.

அப்போதுகூட எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய், பிஸ்டலை மேசையில் தொப்பென்று வைத்தேன். பிஸ்டல் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், இது டிபெக்ட் பீஸ், திருப்பி அனுப்புகிறேன் என்று கத்தினேன். கிளப் நடத்துகிறவர் திருகாணியைப் பழையபடி அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து, தூத்துக்குடித் தம்பியிடம் நீட்டினார். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"சுட்றா" என்றேன்.

அவன் சுட்டான். பத்து. பத்து. ஒன்பது. பத்து. அப்புறம் எல்லாமே பத்து. ஒன்றுகூடத் தானாகப் போகவில்லை. அவன் சந்தோஷப்படவும் பயந்துகொண்டு, பிஸ்டலை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான்.

"பிஸ்டல ஒரு கொறையும் சொல்ல முடியாதுண்ணே."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. கிளப் நடத்துகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டை விழுந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். எப்போதும் என்னைக் கிண்டல் செய்யாமல் அனுப்பாத மனுஷன்.

வீட்டுக்கு வந்தேன். பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெட்டியை மூலையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன். ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. என் பக்கத்துத் தட்டில் இலையும் காம்புமாகச் சேர்ந்து விழுந்தது. எது இலை, எது காம்பு என்று விரலுக்குப் பிடிபடவில்லை. அவள் அதைப் பார்த்தாள். என் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடு."

"இன்னாடி விளையாட்டு இது?"

"மூடுன்றேன்ல. நான் தொட்டா ம் சொல்லு."

மூடினேன். சுண்டுவிரலைத் தொட்டாள். ம் என்றேன். மோதிர விரல். ம். நடுவிரலைத் தொட்டாள் என்று நினைக்கிறேன், கொஞ்சம் தாமதமாக, ம். அதற்கப்புறம் தொடவில்லை. காத்திருந்தேன். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தொடுடி."

அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"தொட்டுத் தொலையேன். எவ்ளோ நேரம் கண்ண மூடிகினு குந்தியிருக்கறது?"

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிப் பிரித்துப் பிடித்திருந்தாள். அதன் முனை என் ஆட்காட்டி விரல் நுனிக்குள் இருந்தது. ரத்தம் உள்ளங்கை வரை இறங்கியிருந்தது.

"குத்திகினுதான்யா இருக்கேன்" என்றாள்.