பியானோவில் வைத்தால் மட்டும் மடங்கும் விரல்கள்

இன்று மதியம் வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பேருந்தில் வரும்போது, கைப்பேசியில் ஒரு பியானோ கச்சேரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "சத்தத்த கொஞ்சம் கம்மி பண்றீங்களா?" என்றார். பிறகு அவராகவே, "நானும் இதை மேடையில வாசிச்சவதான்" என்றார்.

ஆம்பூர் சர்ச்சில் தொடங்கி, ஜெர்மனியில் படித்து, பல நாடுகளில் தனிக் கச்சேரி செய்தவராம். இப்போது வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பியானோவில் வைத்ததும் தாமாக மடங்கிவிடுகின்றன. இனிமேல் கச்சேரி முடியாது என்று இன்று காலை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"சோறு பிசையறேன், பட்டன் போடறேன். இன்னா கொடுமை பாருங்க, பியானோன்னா மட்டும்தான் மடங்குது."

அப்போது அவருடைய அம்மா போனில் அழைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. மாத்திரை குடுத்திருக்காங்க. அடுத்த மாசம் வாசிக்கலாம்னாங்க."

குரல் பிசகவே இல்லை. போனை வைத்த பிறகுதான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எல்லாம் சரியாய்டும்க்கா" என்றேன். தலையாட்டிவிட்டு, ஆம்பூரில் இறங்கிப் போய்விட்டார்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே" மட்டும் வேண்டாம். அதை டாக்டரே சொல்லிவிட்டாராம்.