ரெண்டில் தூக்குவது

கறார் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் டீச்சர்தான். டீச்சர் ஊரில் ஆறு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள். இந்த வெளிநாட்டுக்கு வந்தபின் இருவருக்கும் ஒரே முதியோர் இல்லம், ஒரே வேலை: படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டுவது, ஊட்டுவது. ஐந்து வருஷமாக ஒரே அறை, ஒரே புதன்கிழமை விடுமுறை. கறார் அக்காவின் மகன் கல்யாணத்தை இருவரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது. "விடுக்கா, கட்டிட்டான். நான் சாட்சி" என்றாள் டீச்சர்.

அப்படிப்பட்ட நட்புக்கு நடுவே புதுசு வந்து சேர்ந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண், இருபத்தெட்டு வயது, நம் பாஷை. பக்கத்து அறையில் போட்டார்கள். வந்த வாரமே "டீச்சர்க்கா, டீச்சர்க்கா" என்று ஒட்டிக்கொண்டாள். ஒரு புதன்கிழமை கறார் அக்கா எழுந்து பார்த்தால் அறையில் ஆள் இல்லை. இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, பையும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்கள்.

"என்னை எழுப்பினா தலையா வெடிச்சிடும்?"

"எழுப்பினா மட்டும் நீ கொஞ்சவா போற?" என்றாள் டீச்சர். புதுசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து கறார் அக்காவுக்கு வயிறு எரிந்தது. டீச்சரின் கோப்பையில் புதுசு டீ குடித்தால் எரிந்தது. டீச்சர் அவளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் எரிந்தது. ஆள் நல்லவளாக இருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பதினோராம் கட்டில் தாத்தா இந்த நாட்டுக்காரர், தொண்ணூறு கிலோ. கீழே சரிந்தவரைத் தலையணைப் பக்கம் ஏற்றிப் படுக்க வைக்க, அடியில் விரித்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எண்ணித் தூக்க வேண்டும். இவர்கள் எண்ணிக் கேட்டுக் கேட்டே மனிதர் மூன்று வரை தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார். "மூணு" என்றால் போதும், பயத்தில் மரக்கட்டையாக விறைப்பார். அதனால் கறார் அக்காவும் டீச்சரும் ரெண்டிலேயே தூக்கிவிடுவார்கள். இது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

ஒருநாள் காலை டீச்சருக்குக் குளியலறை வேலை. கறார் அக்காவுக்கு ஜோடியாகப் புதுசைப் போட்டிருந்தார்கள்.

"இவருக்கு எத்தனை வரைக்கும்க்கா எண்ணணும்?"

"எல்லாருக்கும் எண்ணற மாதிரிதான். இதுகூடத் தெரியாதா?"

மூணில் தாத்தா விறைத்துக் கத்துவார், துணி கோணும், புதுசு விழிப்பாள், டீச்சர் காதுக்கு விஷயம் போகும். கறார் அக்கா போட்ட கணக்கு அவ்வளவுதான். "ஒண்ணு, ரெண்டு" என்றதும் பழகிய கை தானாகத் தூக்கியது. எதிர்ப்பக்கம் மூணுக்குக் காத்திருந்தது. தொண்ணூறு கிலோவும் ஒரே தோளில் இறங்கியது. தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறார் அக்காவின் வலது தோளில் மட்டும் சடக்கென்று ஒரு சத்தம். தன் வினை தன்னைச் சுட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மேற்பார்வையாளர் கேட்டபோது, "நான்தான் லேட்டாத் தூக்கினேன்" என்றாள் புதுசு. அவளுக்கு இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. பதிவேட்டில் எழுதினார்கள். இன்னொரு தடவை எழுதினால் ஊருக்கு விமானம்தான்.

கறார் அக்காவின் கையைக் கட்டித் தொங்கவிட்டு அறைக்கு அனுப்பினார்கள். அதன்பின் இரண்டு நாள் டீச்சர் முழுக்க இவளுக்கே சொந்தம். ஒத்தடம் கொடுத்தாள், தலை வாரினாள், சோறு ஊட்டினாள். வலியையும் மீறி கறார் அக்காவுக்கு உள்ளே குளிர்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஊட்டிக்கொண்டே டீச்சர் கேட்டாள்.

"பாவம், அந்தப் பொண்ணு சரியாச் சாப்பிடறதே இல்ல. ரெண்டுலன்னு நீ சொல்லியுமா தப்பு பண்ணா?"

ஆமாம் என்று சொன்னால் போதும், டீச்சர் தன் பக்கமே இருப்பாள். ஆனால் புண்ணை மூடி வைத்தால் உள்ளே புரையோடும். இத்தனை வருஷம் முதுகுப் புண் கழுவியவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நான் சொல்லல."

"மறந்துட்டியா?"

"அவ கேட்டா. வேணும்னேதான் சொல்லல."

டீச்சர் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "எதுக்கு?"

"நீ அவளோட மார்க்கெட்டுக்குப் போன."

"அம்பத்தாறு வயசு ஆச்சுக்கா உனக்கு!"

"தெரியும்."

"போய் மேற்பார்வையாளர்கிட்டச் சொல்லு. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத."

தொங்கும் கையோடு அப்போதே போய்ச் சொன்னாள். புதுசின் பெயரை அடித்துவிட்டு இவள் பெயரை எழுதினார்கள். திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றாள். டீச்சர் "ம்" என்றாள்.

மறுநாள் காலையில் டீச்சர் தன் தலையை மட்டும் வாரிக்கொண்டு வெளியே போனாள். கறார் அக்கா ஒற்றைக் கையால் சிக்கெடுத்துப் பார்த்துத் தோற்றாள். அப்போது கதவைத் தட்டாமல் புதுசு சீப்போடு உள்ளே வந்தாள்.

"டீச்சர் அனுப்பினாளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"எம்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. திரும்பி உட்காருங்க."

கறார் அக்கா திரும்பி உட்கார்ந்தாள். புதுசு வலிக்கவே வாரினாள்.

"இழுக்காதடி."

"இழுத்தாத்தான் பின்னல் நிக்கும்."

திறந்திருந்த கதவு வழியாக டீச்சர் கடந்து போனாள். ஒரு கணம் நின்று உள்ளே பார்த்தாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அது தன்னைப் பார்த்தா, பின்னால் நின்ற புதுசைப் பார்த்தா என்று கறார் அக்காவுக்குத் தெரியவில்லை. அன்று பூராவும் அது ஒன்றுதான் அவளை அரித்தது.