ஒரு முனையில் மட்டும் முடிச்சு

மார்கழி பிறந்ததும் எங்கள் வைக்கோல் கட்டும் மிஷின் டெல்டா பக்கம் போய்விடும். கூடவே என் வீட்டுக்காரரும். நெல் அறுத்த வயல்களையெல்லாம் சுற்றி, வைக்கோலைக் கட்டிப் போட்டுவிட்டு, பங்குனியில்தான் இரண்டு பேரும் வீடு திரும்புவார்கள்.

வந்ததும் அவர் இரண்டு நாள் தூங்குவார். மிஷினைச் சுத்தம் செய்வது என் வேலை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முகத்தில் பழைய சேலைத் துணியைக் கட்டிக்கொண்டு முதலில் கம்ப்ரசர் காற்றை அடிப்பேன். அப்புறம் டீசலில் நனைத்த பிரஷ், செயினுக்கு ஆயில், பேரிங்குக்கு கிரீஸ். இடுக்குகளிலிருந்து கறுப்பு மண் உதிரும். நத்தைக் கூடும் நண்டுக் காலும் வரும். எங்கள் செம்மண்ணில் நண்டு ஏது? அவர் எங்கெங்கே நின்றார் என்று போனில் சொல்லாததை எல்லாம் மிஷின் சொல்லிவிடும். அந்த நண்டுக் கால் மேல்கூட எனக்குப் பொறாமைதான். மூன்று மாதம் அவரோடு இருந்திருக்கிறதே.

இந்த மிஷினை நாங்கள் வாங்கும்போதே அது பழசு. வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். முடிச்சுப் போடும் பாகத்துக்கு நாட்டர் என்று பெயர். கிளி மூக்கு போல ஒரு கொக்கி, பக்கத்தில் கயிற்றைக் கவ்விப் பிடிக்க ஒரு தட்டு. முக்கியமான இடம் இதுதானே என்று அதற்கு மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பிவிட்டேன். சாமிக்குக் குறை வைக்கக் கூடாதல்லவா. அந்த வருஷம் குறுவை வைக்கோலுக்கும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார்; மறுநாள் விடிகாலை கிளம்ப வேண்டும். ஓட்டிப் பார்த்தால் ஒரு முடிச்சும் விழவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"சாமிக்கு வெச்சியா, இல்ல சிமெண்ட்டு பூசினியா?" என்றார்.

டிராக்டர் மெக்கானிக் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நாங்களே சாக்கு விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றினோம். எது எங்கே இருந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் நான் படம் போட்டு வைத்தேன். முழுசாக எட்டு நாள் ஆனது. அதற்கு முன் அவர் லாரி ஓட்டியவர். தொடர்ந்து எட்டு நாள் அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அப்போதுதான். திட்டிக்கொண்டேதான் இருந்தார். இருந்தாலும் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி ஒரு எட்டு நாள் இன்னொரு தரம் கிடைக்காதா என்று இன்றுவரை ஏங்குகிறேன். அதிலிருந்து நாட்டர் என் பொறுப்பு. அவர் அதில் கை வைப்பதில்லை.

இந்த வருஷம் போகிக்கு முந்தின நாள் மத்தியானம் போன் செய்தார்.

"எடது பக்கம் கட்டு அவுந்து அவுந்து வுழுது. காலையில இருந்து பார்க்கறேன், ஒண்ணும் புடிபடல. சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா லாரியில ஏத்திக்கிட்டு வந்துடறேன். பொங்கலுக்கு வூட்ல இருப்பேன்."

மிஷின் வந்ததிலிருந்து ஒரு பொங்கலுக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. என் மனசு அதற்குள் பொங்கல் பானையைக் கழுவ ஆரம்பித்துவிட்டது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது.

"அவுந்த கயிறு கையில இருக்குதுங்களா? ரெண்டு முனையும் பாருங்க."

"ஒரு முனையில முடிச்சு இருக்குது. இன்னொண்ணு சும்மா இருக்குது."

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. தட்டுக்கு அடியில் தூசி அடைந்து, அது ஒரு கயிற்றைக் கவ்வாமல் நழுவ விடுகிறது. கால் மணி நேர வேலை. தெரியலைங்க என்று சொன்னால் போதும், மனுஷன் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அப்போது போனில், அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வயலுக்குச் சொந்தக்காரியாக இருக்க வேண்டும்.

"வானம் கருக்குது அண்ணே. மாட்டுக்கு வேற தீனி இல்லண்ணே."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, மழை மேலா, என் மேலேயா, தெரியவில்லை. எங்கள் கொட்டகையிலும் இரண்டு மாடு நிற்கிறது.

"டிராக்டரை ஆஃப் பண்ணிட்டுக் கைய வைங்க" என்றேன். "தட்டைப் புடிச்சிருக்கிற போல்ட்டை லூஸ் பண்ணுங்க. அடியில தூசி கெட்டியா அடைஞ்சிருக்கும். கத்தி முனையால கிண்டி எடுத்துட்டு, மறுபடி டைட் வெச்சு ஓட்டிப் பாருங்க."

அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"முடிச்சு வுழுது" என்றார்.

"சரிங்க" என்றேன்.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார்.