நான்கு நாள் கிடந்த கம்பி

யாவ் பெம்பா எங்கள் முற்றத்துக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள். அவனுக்கு வடக்கு ஓரத்து அறை, எனக்கு அதற்கு அடுத்தது. தொழில் வயரிங். இடி இடித்து ஊரில் பாதிக்கு மின்சாரம் போய்விட்டால் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிறர் காலில் கல் தடுக்கினால் இவன் மன்னிப்புக் கேட்பான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். இவன் கொஞ்சம் அதிகம்.

அவன் அம்மா சேனைக்கிழங்கு விற்றவள். அவள் செத்த பிறகு தாய்மாமா அட்டாக்கோரா எடுத்து வளர்த்தார், மிஷன் தொழிற்பள்ளியில் சேர்த்தார், பெண் பார்த்துக் கட்டிவைத்தார். எங்கள் வீடுகளில் அப்பா சோறு போடுவார், முடிவு மாமாவுடையது. அட்டாக்கோரா லாரி நிலையச் சங்கத்தில் இருபது வருடம் தலைவராக இருந்தவர். இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து சமாதானம் பேசுவதில் அவருக்கு ஊரில் பெயர் உண்டு. கெஞ்சுவதை அவர் ஒரு கலையாக வைத்திருந்தார்.

நான் வக்கீல் அம்போம்சாவிடம் குமாஸ்தா. பதினாலு வருடமாக அந்த அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு வருகிறவர்களின் முகங்களைத்தான் தினமும் பார்க்கிறேன். இருந்தும் என் அடுத்த அறைக்காரனை அந்த மேசைக்கு நேரத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

சந்தைக்குப் பின்னால் செர்வா அம்மாவின் மீன் குளிர்க்கிடங்கு இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது எரிந்தது. மூட்டை தூக்கும் அலாசான் என்பவன் மீன் பெட்டிகளை இழுத்துப் போடப் போய் இரண்டு கைகளையும் சுட்டுக்கொண்டான். அந்தக் கிடங்குக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் புது வயர் போட்டது யாவ்.

சாயங்காலம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் குழாயடியில் உட்கார்ந்து கால் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"அண்ணே, பக்கத்து வெல்டிங் பட்டறையிலேர்ந்து சுவத்து மேலயா ஒரு கேபிள் வந்திருக்கு. கிடங்கு மீட்டர்லேர்ந்து எடுத்திருக்காங்க. நான் போட்டது இல்ல. உருகி சுவத்தோட ஒட்டிக்கிட்டு கெடக்கு."

"வெல்டிங் மிஷின அந்த லைன்ல போட்டா?"

"தாங்குமா? ஃப்ரீசர் நாலு, அதுக்கு மேல வெல்டிங். நாலு நாள் தாங்கியிருந்தாலே ஆச்சரியம்."

"ஃபோட்டோ எடுத்தியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அந்தம்மா கவுத்துப் போட்ட தொட்டி மேல உக்காந்து அழுதுக்கிட்டிருக்காங்க. நான் ஃபோனத் தூக்கிக்கிட்டு ஃபோட்டோ எடுக்கவா?"

திங்கள்கிழமை காலை என்னோடு அலுவலகத்துக்கு வா என்றேன். அதுவரை யாரிடமும் எதுவும் பேசாதே என்றேன். சரி என்று தலையாட்டினான். நானும் அப்போதே போய் அந்தக் கேபிளைப் படம் எடுத்திருக்கலாம். என்னிடமும் ஃபோன் இருந்தது. தொட்டி மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எனக்கும் கண் முன்னால் வந்தாள். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அட்டாக்கோரா வந்துவிட்டார். யாவின் மனைவி அக்கியா வெந்த கிழங்கை உரலில் போட்டு ஃபுஃபு இடித்துக்கொண்டிருந்தாள். நான் வக்கீல் என்ற சொல்லை எடுத்ததும் அவர் சிரித்தார்.

"வக்கீலா? யாரு மேல யாருக்கு சண்டை?"

"சண்டை இல்ல பெரியவரே. ஒருத்தனுக்குக் கை வெந்திருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போலீசுக்குத் தகவல் போகும். அவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடி—"

"கேக்கறதுக்கு முன்னாடியே வக்கீலோட நின்னா என்ன நினைப்பாங்க? திருடன் ரெடியா இருக்கான்னு நினைப்பாங்க." அக்கியாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "நம்ம கோர்ட்டுத் தம்பிக்கு வியாபாரம் டல்லு போல. முற்றத்துலயே ஆள் பிடிக்கிறாரு."

அக்கியா சிரித்தாள். யாவும் சிரித்தான். எனக்கு முகம் சுட்டது.

"செர்வா நம்ம சர்ச் பாட்டுக்குழு. எரிஞ்ச வீட்டுக்குக் கறுப்புக் கோட்டோட போறவன் மனுஷனா? நாளைக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கிட்டுப் போவோம். யாவ் ரெண்டு வார்த்தை பணிவாப் பேசட்டும். அதோட முடிஞ்சுது."

திங்கள்கிழமை ஜின் பாட்டிலோடு போனார்கள். எங்களிடம் பாட்டிலை வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். யாவ் அங்கே சொன்னதை அட்டாக்கோரா முற்றத்தில் நின்று எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, "அம்மா, என் கை பட்ட இடம். பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க." செர்வா அம்மா அழுதாளாம். பாட்டிலை வாங்கிக்கொண்டாளாம். வேறென்ன வேண்டும்?

"கேபிளப் பத்திச் சொன்னியா?" என்று யாவைத் தனியாகக் கேட்டேன்.

"மாமா வேணாம்னுட்டாரு. வெல்டருக்கு கனெக்‌ஷன் குடுத்ததே அந்தம்மாதானே. அழுதுக்கிட்டிருக்கறவங்ககிட்ட உங்க தப்புன்னு எப்படிச் சொல்றது?"

செவ்வாய்க்கிழமை தேவாலயத்து ஆட்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகப் போய்க் கிடங்கைச் சுத்தம் செய்துகொடுத்தார்கள். ஒருவர் வீட்டில் தீ விழுந்தால் அப்படித்தான் செய்வோம். யாவும் போயிருந்தான். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை கரியை அள்ளியிருக்கிறான். சுவரைச் சுரண்டியிருக்கிறான். பழைய இரும்புக்காரன் வந்து செம்பு கிடந்தால் கொடுங்கள் என்று கேட்டபோது அந்தக் கேபிளைச் சுவரிலிருந்து பிய்த்துக் கொடுத்ததே இவன்தான். மீட்டர் பெட்டியும் அதே வண்டியில் போனது. நான்கு நாள் அந்தக் கம்பி அங்கே கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மின்சார அலுவலகத்து இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்து ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கலாம்.

புதன்கிழமை போலீஸ் செர்வா அம்மாவிடம் வந்து, யார் வயரிங் செய்தது என்று கேட்டது. அவள் மறைக்காமல் சொன்னாள். யாவ்தான், பாவம், அவனே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான், நான் மன்னித்துவிட்டேன் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அந்த மன்னிப்பைப் பிடித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு யாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பதினொன்றுக்குத் தெரிந்தது. நேரே வக்கீல் அம்போம்சாவின் அறைக்குள் போய் அவளிடம் சொன்னேன்.

"அவங்க வீட்ல யாராவது சொன்னாங்களா, நான் வரணும்னு?"

"இல்ல மேடம். நான் சொல்றேன்."

"நீ என் குமாஸ்தா. கேஸ் தேடிக்கிட்டு நான் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்க முடியாது. அவன் பொண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த டீயக்கூட குடிக்காம வரேன். போ, ஓடு. எழுதறதுக்கு முன்னாடி போனாத்தான் நான் போறதுல அர்த்தம். எழுதினதுக்கப்புறம் அவன் வாய் இல்ல, அந்தத் தாள்தான் பேசும்."

ஓடினேன். அக்கியா ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். விரல் நிற்கவில்லை.

"மாமா கூடத்தான் இருக்காரு அண்ணே. அவரக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

"ஃபோன் பண்ணிக் கேளு."

செய்தாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். பின்னப்படுகிற பெண், "நீ சீக்கிரம் முடி, எனக்கு லாரிக்கு நேரமாச்சு" என்றாள்.

அட்டாக்கோரா ஃபோனை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. வாக்குமூலம் எழுதும்போது பக்கத்தில் ஒரு பொதுச்சாட்சி உட்கார வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவன் தன் ஆள் ஒருவரைச் சொல்லலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். யாவ் மாமாவைச் சொன்னான். கட்டாயப்படுத்திப் பேசவைக்காமல் காக்கத்தான் அந்தச் சாட்சி. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பணிவாச் சொல்லு, எதுத்துப் பேசாத" என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தத் தாளைப் பின்னால் பலமுறை படித்தேன். வயரிங் செய்தது நான். என் கை பட்ட இடம். அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். போலீசிடமும் கேட்கிறேன். கீழே யாவின் கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சியின் கையெழுத்து, நல்ல பெரிய எழுத்தில். கேபிளைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

"வெல்டர் பேரச் சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்று புதன்கிழமை சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அவனும் புள்ளகுட்டிக்காரன்தான். ஒருத்தன் மாட்டினது போதாதா?"

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கவனக்குறைவால் ஒருவனுக்குக் காயம் உண்டாக்கியதாக வழக்கு. முந்தின நாள் நான் அட்டாக்கோராவிடம் கேட்ட ஒரே விஷயம், வக்கீல் ஒருவர் எழுந்து நின்று தேதி மட்டும் வாங்கட்டும் என்பது. நீதிபதியின் முகத்துக்கு நேரே செர்வாவைப் பொய்க்காரி என்று சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டார்.

எங்கள் கோர்ட்டுகளில் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். குற்றவாளி. குற்றவாளி இல்லை. மூன்றாவது, குற்றவாளிதான், ஆனால் விளக்கம் உண்டு. மூன்றாவதைச் சொல்கிறவர்கள்தான் அதிகம். இல்லை என்று சொன்னால் திமிராகத் தெரியும் என்று பயம். யாவும் அதைத்தான் சொன்னான். விளக்கத்தையும் சொன்னான். வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், பிறகு வேறு யாரோ அதிலிருந்து லைன் எடுத்திருக்கிறார்கள், ஆனாலும் என் கை பட்ட இடம்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒழுங்காகச் செய்தேன் என்பவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? அதை எழுந்து கேட்க அங்கே ஒருவர் தேவை. குமாஸ்தா எழுந்து பேச முடியாது. நாற்பது வழக்கு பட்டியலில் இருந்தது. ஒப்புக்கொண்டதால் குற்றவாளி, ஒரு வருடம் ஜெயில், அடுத்த வழக்கு. தீ பிடித்த ஏழாவது நாள் அது.

அன்று மத்தியானம் அக்கியா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மாமாவும் பின்னால் நின்றார், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

வக்கீல் தாள்களைப் படித்து முடித்தாள். "புதன்கிழமை பதினோரு மணிக்கு நான் இங்கதான் உக்காந்திருந்தேன்" என்றாள். "வாயத் திறக்காதன்னு ஒரே வார்த்தை. அதுக்கு நான் ஃபீஸ்கூட வாங்கியிருக்க மாட்டேன்."

"இனிமே என்ன பண்ணலாம் அம்மா?" என்றார் அட்டாக்கோரா.

"இனிமே பண்றது எல்லாத்துக்கும் மாசக்கணக்கு ஆகும்."

ஆனது. ஜாமீன் மனு தள்ளுபடி. கோர்ட்டுப் பதிவுகளைத் தட்டச்சு செய்து வாங்க மட்டும் மூன்று மாதம். நான் வாரம் இரண்டு முறை போய்க் கேட்டேன். தட்டச்சுக்காரிக்குப் பிரசவ விடுப்பு. பிறகு மிஷினில் மை இல்லை. பிறகு ஒரு பக்கம் காணவில்லை. இடையில் அட்டாக்கோரா சும்மா இருக்கவில்லை. செர்வா அம்மாவிடம் கெஞ்சி, நான் இவனை மன்னித்துவிட்டேன் என்று ஒரு கடிதம் வாங்கி நீதிபதிக்கு அனுப்பினார். அது எந்தக் கோப்பிலும் சேரவில்லை.

ஏழாவது மாதம் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. வக்கீல் அம்போம்சா எழுந்து அந்த விளக்கத்தை மட்டும் படித்தாள். இதைக் கேட்ட நீதிமன்றம், குற்றவாளி இல்லை என்று பதிவுசெய்து விசாரித்திருக்க வேண்டும் என்றாள். அரசு வக்கீல் மறுக்கவில்லை. தண்டனையில் பெரும்பகுதி கழிந்துவிட்டது, மறுபடி விசாரிப்பது நியாயமில்லை, தீர்ப்பு ரத்து என்றார் நீதிபதி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம்.

வாசலில் யாவ் வக்கீலைக் கேட்டான். மெலிந்திருந்தான். "அப்ப நெருப்பு என்னால இல்லன்னு சொல்லிட்டாரா அம்மா?"

"இல்ல யாவ். உன்ன தண்டிச்ச விதம் தப்புன்னு சொல்லியிருக்காரு. நெருப்பு எதனாலன்னு சொல்ல அவர்கிட்ட என்ன இருக்கு? கேபிள் இல்ல, பெட்டி இல்ல, ஒரு ஃபோட்டோ இல்ல."

"கேபிள நான்தான் பிச்சுக் குடுத்தேன்."

"தெரியும்" என்றாள்.

முற்றத்தில் அன்று ஆட்டுக்கறி சூப். ஆளாளுக்கு அட்டாக்கோராவின் கையைக் குலுக்கினார்கள். செர்வா அம்மாவின் கடிதம்தான் வேலை செய்தது என்று ஊர் முழுக்கப் பேச்சு. "கெஞ்சினா கல்லும் கரையும்யா, கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தீர்ப்பைப் பற்றி ஆரம்பித்தேன். "கோர்ட்டுத் தம்பி, இன்னிக்காவது சாப்பிடு" என்று என் தட்டில் ஒரு எலும்பைப் போட்டார். சிரித்தார்கள்.

முதல் மாதம் யாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் கென்கே விற்கும் அஃப்ரா கூப்பிட்டாள். சமையல்கட்டில் இரண்டு விளக்கு, ஒரு ஃபேன். வழியில் பார்த்ததால் நானும் கூடப் போனேன். தீர்ப்பின் நகல் அன்றுதான் கைக்கு வந்திருந்தது. யாவுக்குக் கொடுக்க வேண்டியது, ஏழு பக்கம், என் பையில் இருந்தது.

அவன் ஏணியில் ஏறினான். அஃப்ரா மக்காச்சோள மாவை உருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தத் தடவ பாத்து மாட்டு யாவ். எனக்கு செர்வா மாதிரி பெரிய மனசெல்லாம் கெடையாது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாவ் திரும்பவில்லை. வாயில் இரண்டு திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பையைத் திறந்தேன். அதில் இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டலாம். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தீ எப்படிப் பிடித்தது என்று ஒரு சொல் அதில் இல்லை. பையை மூடினேன்.

"அண்ணே, அந்த ஸ்க்ரூடிரைவர எடுங்க" என்றான் யாவ். எடுத்துக் கொடுத்தேன்.