ஆளுக்குப் பாதி

புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையலை, மருந்து கம்பெனி சார்பில் சரிபார்க்க வருபவருக்கு மானிட்டர் என்று பெயர். பெங்களூரிலிருந்து வந்த எங்கள் மானிட்டருக்கு ராயபுரத்தில் பிடித்தவை இரண்டு: ஒன்று வஞ்சிரம் வறுவல், இன்னொன்று எங்கள் நோயாளிகளான ஏழுமலை - கபீர் பாய் ஜோடி. இவர்கள் திருப்பித் தரும் டப்பாவில் மாத்திரைக் கணக்கு ஒன்றுகூடத் தப்பாதாம்.

இருவரும் ஹார்பரில் ஒரே கேங்கில் மூட்டை தூக்கியவர்கள். நாற்பது வருஷம் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்து, நுரையீரல் புற்றுநோயையும் சேர்ந்தே வாங்கி வந்தார்கள். அப்போது நான் ராயபுரம் ஆஸ்பத்திரியில் ட்ரையல் கோஆர்டினேட்டர்.

சேர்க்கும்போது டாக்டர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். ஃபேஸ் ஒன், உடம்பு எவ்வளவு டோஸ் தாங்கும் என்று சிலரிடம் பார்ப்பது. ஃபேஸ் டூ, கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. ஃபேஸ் த்ரீ, நிறையப் பேரைச் சேர்த்து, இருக்கிற வைத்தியத்தைவிட இது மேலா என்று ஒப்பிடுவது. ஃபேஸ் ஃபோர், கடைக்கு வந்தபின் கண்காணிப்பது. எங்களுடையது மூன்றாவது. கீமோ எல்லாருக்கும் உண்டு. கூடவே சிலருக்குப் புது மாத்திரை, மற்றவர்களுக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஒரு டாக்டர் தனக்குத் தெரியாது என்று வாய்விட்டு ஒப்புக்கொள்வதை நான் ட்ரையலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"அப்போ எங்க ரெண்டு பேர்ல ஒர்த்தனுக்கு டூப்பா கூட இருக்கலாம்?" என்றார் பாய்.

"இருக்கலாம். குலுக்கல்தான்."

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

சில மாதம் கழித்து மானிட்டர் இருவரையும் நேரில் பாராட்டினார். ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "இதுல இன்னா சார் கீது? ரெண்டு டப்பாவையும் ஒண்ணா கொட்டிக் கலக்கி, ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம். எதுல மருந்து இருந்தாலும் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் வந்துரும்ல? கேங்குல எல்லாத்தையும் அப்டித்தான் பங்கு போடுவோம்."

மானிட்டருக்கு முகம் வெளுத்தது. கம்பெனிக்கு ஃபோன் பறந்தது. இருவருக்கும் மாத்திரை கட்.

"என்னைத் தூக்கிடு சார், பாயை வுட்டுரு. அவன் இப்பத்தான் கொஞ்சம் நடந்துகினு கீறான்," என்று ஏழுமலை கெஞ்சினார். எனக்கு அழுகை வந்தது. மானிட்டர் ஈமெயில் அடித்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ சொல்லியும் புரியலையா?" என்று டாக்டர் கத்தினார்.

"நல்லா புரிஞ்சுது டாக்டர். அதனாலதான் அப்டி செஞ்சோம்," என்றார் பாய்.

கீமோ மட்டும் தொடர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் பாய் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து இரண்டொரு நாளில் ஏழுமலை வந்தார். "அவன் டப்பால இருந்தது மருந்தாம்மா? அப்டின்னா அவனோட பாதியை நான்ல துன்னுட்டேன்?"

"ரெண்டு டப்பாவுமே டூப்புதான்," என்றேன். உண்மை எனக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே கேங்கில் உழைத்தவர்களை ஒரே ட்ரையலில் சேர்க்காதீர்கள். மருந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். பழியை மட்டும் மிஞ்சியவர் முழுசாகத் தூக்கிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பார்.